பச்சை நாற்காலிக்கும் ஒரு டிக்கெட்

மார்ச் 4
சங்கிலி ராட்டினம் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. மெதுவாகச் சுற்றினால் கூட்டம் கொட்டாவி விடுகிறது. ஓட்டுகிற மச்சானிடம் வேகத்தைக் கூட்டச் சொன்னேன். வழக்கம்போல் என் மகள் முதலில் ஏறினாள். அவள் சிரிப்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் துணிகிறார்கள். ஓசியில் ஏறுகிறவள் அவள் ஒருத்திதான்.

மார்ச் 5
வரிசை வாசல் வரை.

மார்ச் 9
சங்கிலிகளைச் சரிபார்க்க வந்த மெக்கானிக் திட்டினார். "வேகம் ஒன்றரை மடங்குன்னா இழுப்பும் ஒன்றரைன்னு நினைச்சீங்களா முதலாளி? ரெண்டே கால். ரெண்டு மடங்கு சுத்தினா நாலு. ஆளைப் பறக்கவிடாம உள்ளே இழுத்துப் பிடிக்கிறது அந்தச் சங்கிலிதான்."

எல்லாச் சங்கிலியும் உறுதி. மகளுக்கு முன்னால் தொங்கும் பச்சை நாற்காலியில் மட்டும் வளையங்கள் நீண்டு வாய் பிளந்திருந்தன.

"இதுல கனமான ஆளை ஏத்தினீங்களா?"

ஆள் விழாமல் மாட்டுகிற அதன் பூட்டு வாங்கும்போதே உடைசல். ஒருவரையும் ஏற்றியதில்லை. மச்சானைப் பார்த்தேன்.

"என்னை ஏன் மாமா முறைக்கிறீங்க? அது காலியாத்தான் சுத்துது."

காலி நாற்காலிக்கு அவ்வளவு இழுப்பு ஏது? அறுந்திருந்தா? என் பொண்ணு அதுக்குப் பின்னாடிதானே—

மார்ச் 10
பச்சைக்குப் பின்னால் யாரையும் ஏற்றாமல், மெதுவாகச் சுற்றவிட்டுக் கீழே நின்று பார்த்தேன். காலி நாற்காலியும் ஆள் இருக்கிற நாற்காலியும் ஒரே சாய்வில்தான் பறக்கின்றன. மெக்கானிக்கைக் கேட்டால், எடை கண்ணுக்குத் தெரியாதாம். சங்கிலிக்குத்தான் தெரியுமாம்.

மார்ச் 11
பச்சையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் அதே எடைக்கு மணல் மூட்டை கட்டி, மற்ற நாற்காலிகளில் ஆளுக்குப் பதில் ஆள் எடை மூட்டைகளை வைத்து ஓட்டினோம். இதுவரை ஆடாத தூண் ஆடியது. பச்சை இருந்த இடத்து மூட்டையில் மணல் சேர்த்தோம். ஆடியது. இன்னும் சேர்த்தோம். ஆட்டம் நின்றதும் அந்த மூட்டையை இறக்கித் தராசில் வைத்தோம். நாற்காலியின் எடை போக, மிச்சம் ஒரு வளர்ந்த ஆளின் எடை.

மெக்கானிக் கூலி கேட்காமல் போய்விட்டார். அப்படி ஒரு மெக்கானிக்கை நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 12
மகளிடம் இனி ஏறாதே என்றேன். "நான் ஏறாததுல வேற யாரைப்பா ஏத்துவீங்க?" ராட்டினத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மார்ச் 15
எல்லாவற்றுக்கும் புதுச் சங்கிலி. திரும்ப மாட்டிய பச்சைக்குப் புதுப் பூட்டும். வேகம் பழையபடி. வரிசை பாதியாகிவிட்டது, ஆகட்டும். மகள் ஏறினாள். தூண் ஆடவில்லை.

கிளப்புவதற்கு முன் மச்சான் போய்ப் பச்சை நாற்காலியின் பூட்டை மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு வந்தான். ஒரு டிக்கெட்டைக் கிழித்து, அதன் காசை என் பையிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட்டேன். மகளைத் தவிர வேறு யாரையும் நான் ஓசியில் ஏற்றுவதில்லை.