உங்கள் பெட்டியோடு பனிக்குப் போகிறேன்

பாசமுள்ள ஜோசப் மச்சானுக்கு,

நாளை மறுநாள் காலை எனக்கு விமானம். ஆஸ்திரேலியா போய், ஹோபார்ட் துறைமுகத்தில் கப்பல் ஏற வேண்டும். அந்தக் கப்பல் எங்கே போகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போக இருந்தவர் நீங்கள். போவது நான். 

கல்லறைத் திருநாளுக்குக் கோயில் மலரில் உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். உங்களைப் பற்றி எழுத வரவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

நாம் இருவரும் கப்பல் பழுதுபார்க்கும் ஒரே யார்டில் டீசல் மெக்கானிக். முதலில் எனக்கு ஃபோர்மேன், அப்புறம்தான் என் ஸ்டெல்லா அக்காவைக் கட்டி மச்சான் ஆனீர்கள். யார்டில் ஆட்களைக் குறைக்கத் தொடங்கிய நேரம், தென் துருவத்துக்குச் சாமான் ஏற்றிப் போகும் அந்தச் சிவப்புக் கப்பல் பழுதுபார்க்க வந்து நின்றது. அதன் ஜெனரேட்டரை நாம்தான் பிரித்து மாட்டினோம். பனிக்கு நடுவே இருக்கும் நிலையத்தில் ஒரு கோடைக்கு, அதாவது நவம்பரிலிருந்து நாலைந்து மாதத்துக்கு, மெக்கானிக் வேண்டும் என்று கப்பலில் வந்த அதிகாரி சொன்னார். இருவரும் விண்ணப்பம் போட்டோம். உங்களை எடுத்தார்கள். என்னை மாற்று ஆளாகப் போட்டு வைத்தார்கள்.

"குளிருன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? ஏர்கான் பஸ்ல ஏறுனாலே தும்முறீங்க" என்று அக்கா சிரித்தாள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்தே தயாராகத் தொடங்கிவிட்டீர்கள்.

அந்த நாட்களில் நம் தெம்பனிஸ் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் உங்களைப் பார்த்து மிரண்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஜாலான் புசார் கடையில் போல்ட்டும் நட்டும் வாங்கி வந்து, கையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கையுறை மாட்டிக்கொண்டு, டிவி பார்த்தபடியே பூட்டுவதும் கழற்றுவதுமாக இருப்பீர்கள். சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் யாரோ பட்டாளத்தான் போட்ட கம்பளிக் காலுறை கிடைத்ததென்று பண்டிகைக்கு வாங்கியது போல் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அங்கே பல் டாக்டர் கிடையாது என்று சொன்னதும், எப்போதாவது வலித்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு பக்கம் வீங்கிய கன்னத்தோடு பூசைக்கு வந்தீர்கள். உடம்பைச் சோதித்த டாக்டர் உங்கள் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "குதிரை மாதிரி இருக்கீங்க" என்றாராம். அதை எத்தனை பேரிடம் சொன்னீர்கள்!

குதிரை மாதிரி இருந்தவர்தான் மச்சான் நீங்கள். அதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

உடம்பைப் பலப்படுத்த வேண்டும் என்று சாயங்காலம் ஃபேரர் பார்க் திடலில் ஓட ஆரம்பித்தீர்கள். நானும் கூட ஓடுவேன். அன்று தேக்கா பக்கம் வானம் கறுத்திருந்தது. நம் தலைக்கு மேல் வெயில்தான். இரண்டு மூன்று தூறல் விழுந்தது. "போதும் மச்சான், மழை வருது" என்றேன். "நீ உக்காரு, நான் ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வந்துடுறேன் லா" என்றீர்கள்.

பிறகு ஒரு வெளிச்சம். சத்தம் கூடவே வந்ததா, பின்னால் வந்ததா, தெரியாது. நான் புல்லில் குப்புறக் கிடந்தேன். காது அடைத்துவிட்டது. தலையைத் தூக்கினால் திடலில் ஓடிக்கொண்டிருந்த நீங்கள் இல்லை. தரையில் ஒருவர் கிடந்தார். அது நீங்கள்தான் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு நேரம் பிடித்தது.

பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து உங்கள் நெஞ்சை அமுக்கினார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் வெளியே வந்து சுருக்கமாகச் சொன்னார். நான் அவரைப் பார்த்து, "இல்லீங்க, அவர் அடுத்த மாசம் தென் துருவத்துக்குப் போறவர்" என்றேன். அதைக் கேட்டால் அவர் மனத்தை மாற்றிக்கொள்வார் என்பது போல.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "இடி விழுந்துடுச்சும்மா." அம்மாவுக்கு ஏறவில்லை. "எந்தக் காரு இடிச்சுது? டிரைவரைப் பிடிச்சாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அக்கா எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். அதில் வெந்துகொண்டிருந்தது உங்களுக்கான சோறு.

அடக்கத்திலும் அவள் அழவில்லை. சுவா சூ காங் கல்லறையில் எல்லோரும் மண் போட்டோம். அவளும் போட்டாள். வீடு திரும்பியதும் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கலக்கிக் கொடுத்தாள். உங்கள் தகரப் பெட்டி பாதி அடுக்கியபடி கூடத்திலேயே கிடந்தது. அதை யாரும் தொடவில்லை. சுற்றிச் சுற்றி நடந்தோம்.

சில வாரம் கழித்து வெளிநாட்டிலிருந்து தொலைபேசி வந்தது. அந்த அதிகாரிதான். உங்களுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார்.  அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார், உங்கள் இடத்துக்கு நான் வர முடியுமா என்று.  யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "ஒருத்தன் போனது போதும். நீ எங்கயும் போக வேணாம்." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. யார்டில் என் பெயரும் வெளியேற்றப்படுவோர் பட்டியலில் வந்திருந்தது. ஆனாலும் உங்கள் சட்டைக்குள் நுழைந்துகொண்டு நான் எப்படிப் போவேன்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, அந்தப் பெட்டியை எடுத்து உள்ளே வைக்கலாம் என்று குனிந்தேன். மேலேயே கிடந்தது, எம்போரியம் கடையில் நீங்கள் வாங்கிய அந்தப் பஞ்சு அடைத்த நீல ஜாக்கெட். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை, போட்டுப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி, கழுத்துவரை ஜிப்பை இழுத்தேன்.

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "என்னங்க..."

திரும்பினேன். தேநீர்க் கிளாஸ் அவள் கையிலிருந்து விழுந்து உடைந்தது. நான் பதறிப்போய் ஜாக்கெட்டைக் கழற்றப் போனேன். "கழட்டாதே, அருள், கழட்டாதே" என்று கத்தினாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அத்தனை வாரமாக உள்ளே கிடந்தது எல்லாம் வெளியே வந்தது. அம்மா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார். அந்த வெக்கையில், அந்த ஜாக்கெட்டோடு, வேர்த்து ஒழுக ஒழுக நான் அசையாமல் நின்றேன். வேறு என்ன செய்வது?

அழுது ஓய்ந்தபின் அவள் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். சட்டைக்கை என் விரல் நுனி வரை வந்தது. "கை நீளமா இருக்கு. குறைச்சுத் தர்றேன்" என்றாள்.

"நான் போகலக்கா."

"போ. அப்படி என்னதான் அங்க இருக்கு? அதுக்காகத்தானே பல்லைப் பிடுங்குனாரு, அதுக்காகத்தானே ஓடுனாரு. எனக்குத் தெரியணும். நீ பாத்துட்டு வந்து சொல்லு."

அம்மா வாயைத் திறந்தார். அக்கா அவரைப் பார்த்து, "நம்ம ஊருக்குள்ளயே, நமக்குத் தெரிஞ்ச திடல்லதான்மா அவரு செத்தாரு" என்றாள்.  அன்று மத்தியானம் முழுக்கத் தையல் மிஷின் சத்தம் கேட்டது.

இப்போது பெட்டி நிறைந்துவிட்டது. உங்கள் காலுறை எனக்குப் பொருந்துகிறது. பூட்ஸ் பெரிது, அதனால் வேறு வாங்கினேன். மிளகாய்த்தூளை அம்மாவே மில்லில் நின்று அரைத்து வந்து பெட்டியின் ஓரத்தில் வைத்தார். சிராங்கூன் ரோட்டில் தீபாவளிக் கடை போட்டுவிட்டார்கள். ஜனக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் நடக்கும்போது, உங்களுக்கு நடந்தது இவர்களில் யாருக்கும் தெரியாதே என்று திகைப்பாக இருக்கிறது. வானம் லேசாகக் கறுத்தாலும் கால் தானாகக் கடைக்குள் ஏறிவிடுகிறது.

எனக்குப் பயம் போகவில்லை மச்சான். திருநாளன்று உங்கள் கல்லறைக்கு மெழுகுவத்தி கொண்டு வர நான் இருக்க மாட்டேன். அக்காவும் அம்மாவும் வருவார்கள். அக்காவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

உங்களுக்காகப் போகிறேன் என்று பெரிய பேச்சுப் பேச மாட்டேன். என் வேலையை ஒழுங்காகச் செய்வேன். கண்ணில் படுவதை எல்லாம் பார்ப்பேன். ஈஸ்டருக்கு, உயிர்ப்புப் பெருவிழாவுக்குள் திரும்பி வந்து, அம்மா தொட்டுப் பார்க்கும்படி அவர் முன்னால் நிற்பேன். அப்புறம் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே ஒன்றுமே இல்லை என்றாலும், அந்த ஒன்றுமில்லாததை ஒளிக்காமல் சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் ஸ்டெல்லாவின் தம்பி,
என்றும் உங்கள் மச்சினன்,
அருள்