அப்பாவின் ஸ்போரன் இனி என் இடுப்பில்

சாப்பாட்டு மேசையிலும் தாளம் போடாமல் இருக்கத் தெரியாத என் அப்பாவுக்கு,

வென்றுவிட்டோம் அப்பா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பயந்த கதை பிறகு. உங்கள் ஸ்போரன் எங்கும் போகவில்லை. என் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அம்மா அடுத்த அறையில் படுத்திருக்கிறார். நான் போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். "செத்தவைக்கு எழுதிக்கொண்டிருந்தா அவை நிம்மதியாப் போகமாட்டினம்" என்று ஒருமுறை கையும் களவுமாகப் பிடித்து ஏசியிருக்கிறார். நீங்களே சொல்லுங்கோ, நான் எழுதுவது உங்களுக்கு இடைஞ்சலா?

இதை வேறு யாராவது படித்தால் ஸ்போரன் என்றால் என்ன என்று கேட்பார்கள். ஸ்கொட்லாந்துக்காரர் உடுக்கும் கட்டம் போட்ட கில்ட் பாவாடைக்குப் பொக்கற் கிடையாது. அதனால் இடுப்பிலிருந்து ஒரு தோல்பையைச் சங்கிலியில் தொங்கவிடுவார்கள். அதுதான் ஸ்போரன். ஹம்பேர்க் துறைமுகத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டிய யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர் அதை ஏன் கட்டினார் என்பது அடுத்த கேள்வி. கூட வேலை செய்த யூர்கன் மாமா ஸ்கொட்லாந்துப் பைப் ஊதும் இசைக்குழு வைத்திருந்தார். அவர் கூப்பிட்டார், நீங்கள் போனீர்கள், சைட் டிரம் அடித்தீர்கள். அவ்வளவுதான்.

முதல் நாள் நீங்கள் பின்னால் இருக்கவேண்டிய கில்ட் மடிப்பு முன்னால் வரச் சுற்றி, சாரம் உடுப்பதுபோல் உடுத்து, அதற்கு மேல் உங்கள் பச்சை நிற அகலப் பெல்ட்டையும் கட்டிக்கொண்டு போய் நின்றீர்களாம். ஊரில் சாரத்துக்கு மேல் கட்டுகிற, காசு வைக்கப் பை வைத்த அதே பெல்ட். ஸ்போரனை நீட்டியபோது, "பை ஏற்கெனவே இருக்கு, ரெண்டெதுக்கு?" என்று கேட்டீர்களாம். எல்லோரும் சிரித்தார்களாம், நீங்கள்தான் எல்லோரிலும் கூடச் சிரித்தீர்களாம். யூர்கன் மாமா இப்போதும் இதைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வார். அம்மா மட்டும் அந்தக் குழுவுக்குப் 'பாவாடைச் சங்கம்' என்று பேர் வைத்தார். ஒரு நாளும் பார்க்க வரவில்லை.

நீங்கள் போன பிறகு இரண்டாவது வரிசையில் உங்கள் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. ஓர் ஆள் நிற்கிற அளவு இடைவெளி விட்டே நடந்தார்கள். இந்த வசந்தத்தில் யூர்கன் மாமா வீட்டுக்கு வந்து, "துளசிகா, நீ வந்து நில்லன்" என்றார். சமையலறை மேசையில் ரப்பர்த் தட்டை வைத்து நீங்கள் டிரம் சொல்லித் தந்ததெல்லாம் அவருக்குத் தெரியும். பயம் வருவதற்குள் 'ஓம்' என்று சொல்லிவிட்டேன். பயம் அன்றிரவு வந்தது. அம்மா தடுக்கவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை.

குழுவின் உடுப்புகளுக்குப் பொறுப்பான ரெனாட்டெ அன்ரி கில்ட், மேற்சட்டை, நீளக் காலுறை எல்லாம் எடுத்துத் தந்தார். அவர் பேசியது ஜெர்மனில். உங்களுக்காக எல்லோரையும் எங்கள் தமிழில் பேசவைக்கிறேன்.

"ஸ்போரன் எங்கட வீட்டிலை இருக்கு. அப்பாவின்ரை" என்றேன்.

"பொம்பிளையள் ஸ்போரன் கட்டுறதில்லை, பிள்ளை. ஸ்கொட்லாந்திலையும் வழக்கமில்லை, எங்கட விதியிலையும் இல்லை." பிறகு என் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னார்: "அது சங்கத்தின்ரை சாமான். புதுசா ஒருத்தர் சேருறார். வசதிப்படேக்கை கொண்டுவந்து தா."

அம்மா அதைத் துணியில் சுற்றி அலுமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறார். தூசி தட்டக்கூட என்னைத் தொட விடுவதில்லை. அதை எப்படிக் கேட்டு வாங்கி இன்னொருவர் இடுப்பில் கட்டக் கொடுப்பேன்? அம்மாவிடம் வாய் திறக்கவில்லை. யூர்கன் மாமாவிடம் போனேன்.

"விதியை மாத்த வேணுமெண்டா கூட்டத்திலை அன்ட்ராக் வை" என்றார்.

இந்த நாட்டில் இடுப்பில் ஒரு பை தொங்குவதற்கும் விண்ணப்பம் வேண்டும் அப்பா. 'பெண்களும் விரும்பினால் ஸ்போரன் கட்டலாம்' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தேன். ஆனால் கூட்டத்தில் எழுந்து நின்று நானேதான் பேச வேண்டுமாம். வகுப்பில் விடை தெரிந்தாலும் கையை மேசைக்குக் கீழே வைத்திருப்பவள் நான். உங்களுக்குத் தெரியும்.

இன்று தீயணைப்பு நிலையத்தின் பின் மண்டபத்தில் கூட்டம். அப்பிள் யூஸை வாயில் வைக்கிறேன், கதவு திறக்கிறது, அம்மா வருகிறார். அரசாங்கக் கந்தோர்களுக்குப் போகும்போது போடுகிற நீலக் கோட். கக்கத்தில் பெரிய ஃபைல்.

"என்னடி, நீ இங்கை என்ன செய்யிறாய்?"

"அம்மா! நீங்கள் ஏன் வந்தனீங்கள்?"

"எனக்கு டெர்மின், இண்டைக்கு வரச் சொல்லி நேரம் குடுத்திருக்கு. என்ரை பேர் போட்டுக் கடிதம் வந்தது. முதியோர் இல்லத்திலை வேலை நேரத்தை மாத்திப்போட்டு ஓடி வாறன்."

அது சங்கத்துக் கூட்ட அழைப்பு. பெயரும் திகதியும் நேரமும் போட்டு ஒரு ஜெர்மன் கடிதம் வந்தால், அகதி முகாமிலிருந்து வந்த அம்மா அதன் மிச்சத்தை வாசிக்கமாட்டார். ஃபைலோடு புறப்பட்டுவிடுவார். உள்ளே பாஸ்போர்ட், கலியாணப் பதிவு, உங்கள் மரணச் சான்றிதழ், என் தடுப்பூசி அட்டைகூட இருந்தது.

"அம்மா, இது கந்தோர் இல்லை. அப்பாவின்ரை பாண்ட்."

"பாண்டுக்கு என்ரை பேர் எதுக்கு?"

எனக்கும் தெரியவில்லை. உவே என்கிற பைப்காரர் அவருக்கும் ஒரு கிளாஸ் யூஸ் கொண்டுவந்து வைத்தார். அம்மா ஃபைலை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு கடைசிக் கதிரையில் உட்கார்ந்தார். ஸ்போரன் கதையை இப்போது அம்மாவுக்கு முன்னால் பேச வேண்டும்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். கில்ட்டுக்குப் பொக்கற் இல்லை என்றேன். டிரம் முறுக்குகிற சாவியை நான் எங்கே வைப்பது என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

உவே சத்தமாகச் சொன்னார்: "பொம்பிளையளுக்குத்தான் ஹாண்ட்பாக் இருக்கே! தோளிலை கொழுவிக்கொண்டு அடி!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது என் வாயிலிருந்து வந்தது, அப்பா, சத்தியமாக எங்கிருந்து வந்ததென்று தெரியாது: "உங்களுக்கும் முதுகுப்பை இருக்கு. பிறகேன் நீங்கள் ஸ்போரன் கட்டுறியள்?"

மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். உவேயும் சேர்ந்து தட்டினார்.

பிறகு ரெனாட்டெ அன்ரி எழும்பினார். அவர் சிரிக்கவில்லை. "நான் வந்த காலத்திலை பொம்பிளையளைச் சேர்க்கவே மாட்டம் எண்டவை. சண்டை பிடிச்சுத்தான் சேர்ந்தனாங்கள். ஆம்பிளை வேஷம் போடுறாளவை எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது எண்டு, ஸ்போரன் வேண்டாமெண்டு நாங்களே முடிவெடுத்தம். அது எங்கட முடிவு, பிள்ளை. ஆரும் எங்களிலை திணிச்சதில்லை."

இது எனக்குத் தெரியாது. நான் பாடமாக்கி வைத்திருந்த மறுமொழி முழுக்க யாரோ ஒரு கெட்ட மனிதருக்காக எழுதியது. அவரைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

"மன்னிக்க வேணும்." அம்மாவின் குரல். "அந்தப் பையைத் திருப்பித் தர வேணுமோ?"

"பிள்ளை கட்டாட்டி, ஓம்" என்றார் யூர்கன் மாமா.

அம்மா ஃபைலோடு எழும்பினார். பிறகு தனக்குத் தெரிந்த ஜெர்மனில், வினைச்சொற்கள் எல்லாம் இடம் மாறி நிற்க, சொன்னார்: "எங்கட ஊரிலை ஆம்பிளையள் சாரத்துக்கு மேலை பை வைச்ச பெல்ட் கட்டுவினம். பொம்பிளையள் சீலைத் தலைப்பிலை காசை முடிஞ்சு இடுப்பிலை செருகுவினம். அதைப் பாத்து ஆம்பிளை மாதிரி எண்டு ஒருத்தரும் சொன்னதில்லை. சாமான் வைக்க இடம் வேணும், அவ்வளவுதானே? கட்ட விருப்பமில்லாத ஆள் கட்டவேண்டாம். இவள் கட்டட்டுமன்."

வாக்கெடுத்தார்கள். எனக்குப் பதினாறு ஆகவில்லை. பேசலாம், கை உயர்த்த முடியாது. யூர்கன் மாமா எண்ணினார், மறுபடியும் எண்ணினார். இரண்டு பக்கமும் சமம். சமம் என்றால் தோல்வி. நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"பொறுங்கோ" என்றார் ரெனாட்டெ அன்ரி. எனக்கு எதிராகக் கை தூக்கியவர் அவர். "ஒரு ஆள் இன்னும் வாக்குப் போடேல்லை." அம்மாவைக் காட்டினார்.

"நானோ? நான் இந்தச் சங்கமில்லை."

"நீங்களும் உறுப்பினர்தான். உங்கட மனுசன் சேர்ந்த அண்டைக்கே குடும்பமாத்தான் பதிஞ்சவர். அதாலைதான் கடிதம் வந்தது."

அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஃபைலைப் பக்கத்துக் கதிரையில் வைத்தார். கோட்டின் கையைச் சரிசெய்தார். பிறகு கையை உயர்த்தினார் அப்பா, நேரே, உயர.

"நிறைவேறினது" என்று ரெனாட்டெ அன்ரியே அறிவித்தார். வெளியே வரும்போது என்னை நிறுத்தி, "தோலுக்கு மெழுகு பூசித் துடை. காய விட்டா வெடிச்சுப்போகும்" என்றார்.

எஸ்-பான் ரயிலில் அம்மா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கொப்பர் என்னைக் கேக்காமல் என்னைப் பாவாடைச் சங்கத்திலை சேர்த்து வைச்சிருக்கிறார்."

"கோவமோ அம்மா?"

"பின்னை? உயிரோடை இருந்தா இண்டைக்கு நல்லா வாங்கியிருப்பார்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். உங்களுக்குப் பிறகு அம்மா சத்தமாகச் சிரித்து நான் கேட்டது இன்றுதான். எதிரே இருந்த மனிதரும் காரணம் தெரியாமல் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து அவரே கதிரையில் ஏறி ஸ்போரனை எடுத்தார். துணியை அவிழ்த்து, என் இடுப்பில் சங்கிலியைக் கொழுவினார். நான் அதை ஓரமாகத் தள்ளினேன்.

"முன்னுக்கு எல்லோ வரவேணும்?"

"டிரம் இடிக்கும் அம்மா. அடிக்கிற ஆக்கள் இப்பிடித்தான் தள்ளிக் கட்டுவினம். அப்பாவும்."

"நான் பாக்கேல்லை" என்றார் அம்மா. சங்கிலியில் வைத்த கையை எடுக்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை பாக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை நகரத்துத் திருவிழா ஊர்வலம். பயமாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் தெரு ஓரத்தில் நிற்பார்கள்.

ஆனாலும் வாக்குத் தருகிறேன் அப்பா. வரிசையில் உங்களுக்காக விட்ட அந்த இடைவெளி இனி இருக்காது. உங்களைப் போல அடிக்கப் பார்க்கமாட்டேன். என்னைப் போல அடிப்பேன். இடம் இனி என்னுடையது. கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கோ.

உங்கள் ஒரே மகளும், அம்மாவின் சக உறுப்பினருமான
துளசிகா