சூடம் அணைத்த ஓட்டு

ஏப்ரல் 15, செவ்வாய்

வருஷப்பிறப்புச் செலவுக் கணக்கை எழுதி முடித்தேன். எல்லாம் சரியாக வந்தது. மனசுதான் சரியாக இல்லை.

நேற்று மாரியம்மன் கோயிலிலிருந்து வீட்டுக்காரர் உள்ளங்கையைத் தடவிக்கொண்டே வந்தார்.

"கமிட்டி ஆளுக எல்லாரும் சூடம் அணைச்சு சத்தியம் பண்ணிட்டோம். ஓட்டு யோகேஸ்வரனுக்குத்தான். கோயிலுக்குப் புதுத் தகரம் போட்டுத் தாரேன்னுட்டாரு."

"ஒங்க ஓட்டத்தானே?"

"ஊட்டுக்கு ஒரு ஆளு அணைச்சா ஊட்டுக்கே அணைச்ச மாதிரி. ஒன்னையும் சேத்துத்தான்."

நான் ஜெயந்தினிக்குப் போடுவதாக இருந்தேன். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கிறவள், இந்த முறை பிரதேச சபைக்குச் சுயேச்சையாகக் கேட்கிறாள். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மேடு சரிகிறது, தடுப்புச் சுவர் கட்டுங்கள் என்று ஆபீஸ் ஆபீஸாக, கந்தோர் கந்தோராக ஏறி இறங்குவது அவள் ஒருத்திதான். என் அடுப்படிச் சுவர் விரிசலில் இப்போது விரல் நுழைகிறது.

ஆனால் ஆத்தா முன்னால் அணைத்த சூடம். மீறினால்? மீறாவிட்டால், அந்த மேடு?

ஏப்ரல் 16

விளக்கேற்றிக் கும்பிட உட்கார்ந்தேன். கும்பிடவே வரவில்லை, கோபம்தான் வந்தது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

அட்டன் டவுனில் நஜீம் நானா கடையில் வாங்கிய பழைய இங்கிலீஷ் அகராதியில் ஒவ்வொரு சொல்லாக நானே படித்து வருகிறேன். இன்று 'வோட்' எடுத்தேன். லத்தீனில் 'வோட்டும்' என்ற சொல்லிலிருந்து வந்ததாம். சாமிக்கு வேண்டிக்கொள்கிற நேர்த்தி என்று அர்த்தம். சபதம் என்கிற 'வவ்' அதற்குச் சொந்தம். பக்தி என்கிற 'டிவோஷன்' கூட அந்த வேர்தான். 'டிவோட்' என்றால் நேர்ந்து ஒதுக்கிவிடுவது. நாம் முனியாண்டிக்குக் கிடாயை நேர்ந்துவிடுகிறோமே, அதேதான்.

படித்ததும் நிம்மதி வரவில்லை, எரிச்சல்தான் கூடியது. என்னைக் கேட்காமல் என் நேர்த்தியை இவர் எப்படி வேண்டலாம்?

மகள் சுலக்ஷனாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவளுக்கு மொட்டை போடுவதாக நான் வேண்டிக்கொண்டேனே, அது? அப்போது அவள் கைப்பிள்ளை. நான் கைப்பிள்ளையா?

ஏப்ரல் 24

பூசாரி செல்லசாமி அண்ணனிடம் கேட்டேன். "சத்தியம் சத்தியந்தான் தங்கச்சி. மீறுனா ஆத்தா சும்மா வுட மாட்டா" என்றார். அகராதியில் இருப்பதைச் சொன்னேன். பூக்கட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு நாகலெட்சுமி, "ஏன்டி, இனி ஆத்தாகிட்டயும் இங்கிலீசுலதான் பேசுவியா? அவளுக்குத் தமிழே காதுல வுழ மாட்டேங்குது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 1

விடிய விடிய மழை. மேட்டிலிருந்து மண் இறங்கிப் பின்பக்கம் தண்ணீர் போகும் கானை அடைத்துவிட்டது. ஜெயந்தினி மண்வெட்டியோடு வந்து நின்றாள். அவளோடு சேர்ந்து நாங்கள் பொம்பிளைகள்தான் வெட்டினோம். இவர் வாசலில் நின்று, "தகரம் வந்த பொறவு பாத்துக்கலாம்" என்றார். எந்தத் தகரம்? கோயில் தகரமா இந்த மண்ணைத் தாங்கப் போகிறது? வாய்வரை வந்தது. மண்வெட்டியை ஓங்கிப் போட்டேன்.

மே 4, ஞாயிறு

முனியாண்டி பூசை. கமிட்டிக் கிடாய்க்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அது அசையாமல் நின்றது. மறுபடியும் தெளித்தார்கள். அசையவில்லை. ஒருத்தரும் கத்தியைத் தொடவில்லை. "சிலுப்பி உத்தரவு குடுக்கட்டும்" என்று காத்து நின்றார்கள். இவரும் கைகட்டித்தான் நின்றார். கடைசியில் கிடாய் உடம்பைச் சிலுப்பியது. குலவை போட்டார்கள்.

எனக்குக் கண்ணெல்லாம் எரிந்தது. புகையால் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அடக்க முடியவில்லை. "நேர்ந்துவுட்ட கெடாயக் கூட தண்ணி தெளிச்சுக் கேக்குறீங்க. அது சிலுப்புற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க. என்னைய யாருங்க கேட்டா?"

"பைத்தியக்காரி மாதிரிப் பேசாத."

"சிலுப்பலன்னா அறுப்பீங்களா?"

சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். சோறு வீணானதுதான் மிச்சம்.

மே 5

சோற்றைப் போட்டு மூடி வைத்தேன். இவர் தானே எடுத்துச் சாப்பிட்டார்.

மே 6, செவ்வாய்

காலையில் குளித்து, விளக்கேற்றி, ஓட்டுப்போடப் புறப்பட்டேன். இவர் பீலிக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் கடந்து போகும்போது ஈரக்கையை உதறினார். தெரியாமல் பட்டது என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், மறுபடியும் குழாயில் கையை நனைத்து, என் தலையில் மெதுவாகத் தெளித்தார். சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நெற்றியில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. தலையைச் சிலுப்பவே இல்லை.

"சரி, நட" என்று முகம் துடைக்கத் துவாயை என் கையில் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்துப் பெட்டியடியில் ஓட்டுச் சீட்டில் புள்ளடி போட்டேன். திரும்பும் வழியில் கோயிலில் நின்று கும்பிட்டேன். இன்றைக்குக் கும்பிட வந்தது.

வீட்டுக்கு வந்தபோது இவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போயிருந்தார். யாருக்குப் போட்டாய் என்று கேட்கவில்லை.