விடியலில் மூன்று பேர் கொண்டுவந்த கடிதம்

அடிஸ் அபாபா
நோன்பின் நான்காம் வாரம், புதன்கிழமை

என் ராசா எர்மியாஸ்,

முதலில் மூச்சை விடு. நான் உயிரோடுதான் இருக்கிறேன், முழங்கால் வலியைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மஹ்லெட்டும் குழந்தையும் சுகமாயிருக்க மரியன்னை துணை நிற்கட்டும். விடியும் முன்னே கதவைத் தட்டி, அங்கே உன் ஊரிலேயே இருக்கிற நம் குலிலாத்தும் இன்னும் இரண்டு பேரும் பேச்சில்லாமல் நின்றதைப் பார்த்ததும் உனக்கு ஈரக்குலை நடுங்கியிருக்கும், அம்மா போய்விட்டாள் என்றே முடிவு கட்டியிருப்பாய். அவர்களை அப்படி வரச் சொன்னது நான்தான். வெளிநாட்டில் இருக்கிறவனுக்குச் சாவுச் செய்தியைப் போனில் சொல்லாமல் நம்மவர்கள் விடியலில் சேர்ந்து போய் நேரில் மெர்தோ சொல்வதுதானே வழக்கம். குலிலாத்திடம் போனில் கேட்டபோது, "என்னம்மா இது, உயிரோட இருந்துக்கிட்டே மெர்தோ அனுப்புறீங்க, அபசகுனமா இருக்கே" என்றான். "அவனை உனக்குத் தெரியாதாடா, சும்மா சொன்னா சிரிச்சுட்டுப் போயிடுவான், பயந்தாத்தான் உக்காந்து படிப்பான்" என்றேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் குரலைக் கேட்டால் நான் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன்.

ஆமாம் ராசா, பொய்தான். டொரோண்டோவில் பனியில் வேலைக்குப் போகிற பிள்ளையின் காதில் கெட்ட சேதியைப் போடக்கூடாது என்று இந்தத் தெருவே சேர்ந்து மூன்று வருடமாக உன்னிடம் பூசி மெழுகியது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நீ "நாடு எப்படிம்மா இருக்கு" என்று கேட்பாய், நான் "ரோடெல்லாம் பளபளன்னு இருக்குடா, நீ வந்தா அடையாளமே தெரியாது" என்பேன். ரோடு பளபளவென்றுதான் இருக்கிறது, அதை மட்டும் சொன்னேன். அதை நம்பி நீ இந்த மாதக் கடைசியில் வேலையை விடப்போகிறாய், மாவு மில் இயந்திரத்தைக் கப்பலில் ஏற்றப்போகிறாய், ஈஸ்டர் ஃபாசிகா பண்டிகை முடிந்ததும் குடும்பத்தோடு வந்து இறங்கப்போகிறாய். போன ஞாயிறு நீ அதைச் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது உள்ளதைச் சொல்கிறேன், கேள். டாலருக்கு நிறைய பிர் கிடைக்கிறது என்று நீ குதிக்கிறாயே, நம் பிர் காசு சீப்பட்டுப் போனது என்றுதானே அதற்கு அர்த்தம். நான் விற்கிற இஞ்சேரா அப்பத்தில் இப்போது பாதிதான் டெஃப் தானிய மாவு, மீதி சோளமும் அரிசியும், அளவையும் உள்ளங்கை அகலம் குறைத்துவிட்டேன். வாங்க வருகிறவள், "அஸ்கலே, போன வருஷம் மூணு வாங்குனா வீடு சாப்பிடும், இப்ப அஞ்சு வாங்கியும் பிள்ளைங்க தட்டை வழிக்குதுங்க" என்கிறாள், நான் தலையைத் தூக்காமல் மாவை ஊற்றுகிறேன். அதையும் ஊற்றும்போதே கரண்ட் போய் அடுப்பு ஆறிவிடுகிறது, பாதி வெந்ததைக் குப்பையில் போட மனம் வராமல் நானே தின்கிறேன். அதே நேரத்தில் பெரிய ரோட்டுப் பனைமரங்களில் மட்டும் சீரியல் விளக்கு மின்னும். கோஜாமிலிருந்து டெஃப் ஏன் வரவில்லை என்று கேட்டால் வழியில் சண்டை என்கிறார்கள், வடக்கே ஒரு சண்டை முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று. லாரிக்காரர்கள், "சரக்கைப் பிடுங்கினா பரவால்லம்மா, ஆளையே பிடிச்சுட்டுப் போயிடறாங்க" என்று சொல்லி வண்டியை எடுக்க மறுக்கிறார்கள். வட்டார ஆபீஸ் கூட்டத்தில் ஒரு தம்பி வளர்ச்சி வளர்ச்சி என்று ஒரு மணி நேரம் பேசினான். நான் எழுந்து, "எந்தக் கடையில கிடைக்குது தம்பி, வரிசையில நிக்கிறேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வெளியே வந்ததும் பக்கத்து வீட்டுக்காரி என் கையைக் கிள்ளி, "உனக்கு வாய் நீளம், உள்ள தூக்கிப் போட்டா யாரு வந்து எடுப்பா" என்றாள். அதற்குப் பிறகு நான் கூட்டத்தில் பேசுவதில்லை.

உனக்கு முன்னோடியாக நினைக்கிறாயே தெஷாலே, ஜெர்மனியிலிருந்து வந்து பேக்கரி வைத்தவன், அந்தக் கடை மூடி எட்டு மாதமாகிறது. அடுப்புக்கு ஒரு சாமான் உடைந்தது, அதை வரவழைக்க வங்கியில் டாலர் கேட்டு அலைந்தே பாவம் ஓய்ந்து போனான், கடைசியில் வரிக்காரர்கள் வந்து பூட்டினார்கள். "எர்மியாஸ்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா, வெக்கமா இருக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் வாயை மூடிக்கொண்டேன், பாவி.

நீ மில் வைக்க நினைத்த நம் முன்வாசல் சுவரில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள், வீட்டை இடித்து ரோட்டை அகலமாக்கப்போகிறார்களாம். ஊருக்கு வெளியே நாலாம் மாடியில் ஒரு வீடு தருவார்களாம், நாலாம் மாடியில் யார் ஏறி வந்து இஞ்சேரா வாங்குவார்கள்?

இதுவரை எப்படியோ எழுதிவிட்டேன், இனி எழுதுவதற்குத்தான் கை வரவில்லை. உன் தம்பி நாட்னாயேல் ஆபீசில் இருக்கிறான், அதனால்தான் போனை எடுக்கவில்லை என்று சொன்னேனே, அவனுக்கு ஆபீசே கிடையாது. இன்ஜினியர் பட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் வாடகை ஆட்டோ ஓட்டினான். மூன்று வாரத்துக்கு முன் மொயாலே எல்லை வழியாகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டான். வாசலில் மறித்துக்கொண்டு நின்றேன். "நீ மறிச்சா நிக்கிறேம்மா, ஆனா இருந்து என்ன பண்றதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு" என்றான். நான் நகர்ந்து வழி விட்டேன். கென்யாவிலிருந்து ஒரு தடவை பேசினான், அப்புறம் சேதி இல்லை. ஒரு பிள்ளை ஓடுகிற நாட்டுக்கு இன்னொரு பிள்ளையை எந்த வாயால் வா என்று கூப்பிடுவேன்?

வராதே ராசா. வேலையை விடாதே, இயந்திரத்தை ஏற்றாதே, டிக்கெட்டைத் திருப்பிக் கொடு. ஏழு வருடமாக நீ வருவாய் என்று சொல்லிச் சொல்லியே விடிந்ததும் அடுப்பைப் போட்டேன், அந்த ஆசைதான் செத்துப்போனது, அதற்குத்தான் இந்த மெர்தோ. என்னிடம் கோபப்படு, பரவாயில்லை.

மரியன்னை உன்னையும் மஹ்லெட்டையும் நிழலில் வைத்துக் காக்கட்டும், குழந்தை நெற்றியில் என் முத்தம். வந்த மூன்று பேரையும் சும்மா அனுப்பிவிடாதே, நம் வழக்கப்படி காப்பி வறுத்து மூன்று சுற்றும் ஊற்று, பனியில் வந்திருக்கிறார்கள். என்றைக்காவது ஒரு விடியலில் இவர்களே திரும்ப வருவார்கள், அப்போது கையில் கடிதம் இருக்காது. அன்றைக்கும் கிளம்பி வராதே.

உன் அம்மா,
அஸ்கலே