சைரனை முந்திய வண்டி

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லோரும் சுகம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நீயும் சுகம்தான் என்று எழுத ஆசை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலைக் கேட்ட பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றாய். உன் அம்மா உடனே உன் அறையைக் கூட்டி, மெத்தையை வெயிலில் போட்டாள். நான் அதை எடுத்து மறுபடி பரண்மேல் ஏற்றிவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு மட்டும் பேச்சுவார்த்தை இல்லை, தேநீர் மட்டும் டக்கென்று மேசைக்கு வருகிறது.

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்கு உன் வேலையை ஆம்புலன்ஸை வைத்தே விளங்க வைத்தவள் நீ. என் வண்டிக்கு முன்னால் சைரன் சத்தம் போகிறது, சனங்கள் ஒதுங்குகிறார்கள். சாதாரண விமானம் வருகிற சேதியும் ஒலியின் வேகத்தில் முன்னால் ஓடும், காற்று விலகிக்கொள்ளும். ஒலியையே முந்திவிட்டால் சேதி போய்ச் சேராது, காற்று ஒதுங்க நேரமில்லாமல் மூக்கின் முன்னால் நெருக்கியடித்து நிற்கும். ஒலியின் வேகத்தைப்போல் சுமார் ஐந்து மடங்கைத் தாண்டினால் அதற்கு ஹைப்பர்சானிக் என்று பேர், அங்கே வேகத்தைவிடச் சூடுதான் பெரிய தலைவலி, நசுங்கிய காற்றின் மூலக்கூறே பிய்ந்துபோகும் என்றாய். இதை டிரைவர்கள் அறையில் சொல்லிச் சொல்லி, போதும்ண்ணே விட்டுடுங்க என்று கும்பிடே வாங்கிவிட்டேன்.

இப்போது என்ன குடி முழுகிவிட்டது? காற்றின் தடை குறையட்டும் என்று மாதிரி விமானத்தின் மூக்கை ஊசியாகச் சீவினாய், உன் மேலதிகாரி வேண்டாம் என்று சொல்லியும் நீ கேட்கவில்லை. சோதனையில் கண் சிமிட்டும் நேரத்தில் அது உருகிவிட்டது. பிடிவாதம் என் பக்கத்துச் சொத்து, அதற்கு உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. மூக்கு மொண்ணையாக இருந்தால் அந்த நெருக்கியடித்த காற்றின் அதிர்வலை தள்ளி நிற்கும், சூட்டில் பெரும்பங்கு காற்றோடு போய்விடும் என்று இப்போது நீயே சொல்கிறாய். அந்த மூக்கோடு அடுத்த வாரம் சோதனை, நடத்தப்போவதும் நீதான் என்கிறார்கள். எல்லோர் முகத்திலும் எப்படி முழிப்பது என்று அழுகிறாய். கேள், என் வண்டியிலேயே உயிர் போனவர்கள் உண்டு. ஒருமுறை உன் வயசுப் பெண். அவளுடைய அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அழைப்பு வந்தது. ஈரக் கையோடே வண்டியை எடுத்தேன். அங்கே ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். உனக்கு உருகியது ஒரு துண்டு உலோகம், அவ்வளவுதான்.

ஜெயித்துவிட்டு வா என்று சொல்லவில்லை, நடத்திவிட்டு வா. மறுபடி உருகினாலும் நானே மெத்தையை இறக்கிக் காயவைக்கிறேன், நீ வேண்டிய மட்டும் தூங்கு. அதுவரை அது பரணைவிட்டு இறங்காது.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. சோதனைக்கூடத்துச் சத்தத்துக்குக் காதில் அடைப்பான் மாட்டிக்கொள். முடிவு எதுவானாலும் முதல் போன் எனக்குத்தான் வரவேண்டும். வண்டியை எடு, கண்ணு.

மணிக்கு எண்பது கிலோமீட்டரைத் தாண்டாத டிரைவர்,
உன் அப்பா