எங்கே பிரசவம் என்று கேட்கிறார்கள்

மார்ச் 4, செவ்வாய்

வாஷிங் மெஷின் வந்துவிட்டது. யாரோ வேண்டாம் என்று அவருடைய ரிப்பேர் கடையில் விட்டுப்போனதை அவர் மூன்று வாரமாகப் பிரித்துப் பூட்டி, குழந்தைத் துணிக்கென்று கொண்டுவந்து குளியலறை வாசலில் நிறுத்தியிருக்கிறார். ஊரார் வீட்டு மெஷினெல்லாம் அவர் கைபட்டால் ஒழுங்காக ஓடும். சொந்த வீட்டு மெஷின் மட்டும் துணி பிழியும்போது நடக்கிறது. இன்று கூடம் வரை வந்தது. அத்தை சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இதுக்கும் ஒரு தொட்டில் வாங்கிடுடா" என்று மகனிடம் சொன்னார். வயிறு குலுங்கச் சிரித்தேன். ஏழு மாத வயிறு, நன்றாகவே குலுங்கியது.

வார்டில் நர்ஸ்களின் டீ நேரத்தில் வழக்கம்போல என்னை நடிக்கச் சொன்னார்கள். காலையில் பிரசவமானவள் ஒவ்வொரு வலிக்கும் மாமனார், மாமியார், நாத்தனார் என்று வரிசை தப்பாமல் திட்டினாள். அதை அப்படியே செய்து காட்டினேன். சின்னவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. (போன வருடம் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ், நான் பழக்கியவள்.) மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, மே மாசம் நீங்க கத்தறத நான்தான் நடிச்சுக் காட்டுவேன். இப்பவே சொல்லிட்டேன், வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மிச்ச டீயை வாஷ்பேசினில் கொட்டிவிட்டேன்.

மார்ச் 6

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை.

பிரசவ வார்டில் பதினோரு வருடமாக நர்ஸ். முதுகுக்குப் பின்னால் என் பெயர் ஹெட்மிஸ்ட்ரஸ். என் ட்யூட்டியில் வார்டு பரீட்சை ஹால் மாதிரி இருக்குமாம். அதைப் பெருமை என்றுதான் நினைத்திருந்தேன். எப்படி அமைதியாக வைத்திருந்தேன்? "வாய மூடு. ஒலகத்துல நீ ஒருத்திதான் பெத்துக்கறியா?" "அன்னைக்கு இனிச்சுது, இன்னைக்குக் கசக்குதோ?" இதைவிட மோசமாகவும் சொல்லியிருக்கிறேன். அதற்கும் அடங்காவிட்டால் கேஸ் ஷீட்டில் 'ஒத்துழைக்கவில்லை' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் போதும். அப்புறம் என்ன நடந்தாலும் பழி அவள்மேல்தான்.

போன வருடம் ஒரு பெண்ணைத் தொடையில் அறைந்தேன். பத்தொன்பது வயது. வலியில் காலைச் சேர்த்துக்கொண்டாள், குழந்தைக்கு ஆபத்தென்று அடித்தேன் — இல்லை, பொய். கோபம் வந்தது, அடித்தேன். டீ நேரத்தில் அவளையும் நடித்துக் காட்டினேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு இன்னும் வரவே இல்லை. அதற்குள் இப்படி நடுங்குகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

சாப்பிடும்போது அவர் கேட்டார்: "உன் ஆஸ்பத்திரியிலயே பதிஞ்சிடலாம்ல? பத்து நிமிஷ தூரம். எல்லாரும் தெரிஞ்சவங்க."

தெரிந்தவர்கள் என்பதுதானே என் பிரச்சினை!

"வேணாம். அங்க சுத்தம் போதாது."

"நேத்து வரைக்கும் அந்தத் தரையில இலை போட்டுச் சாப்பிடலாம்னு சொல்லிட்டிருந்தே?"

"போன மாசம் ரெண்டு குழந்தைக்குக் கிருமி தொத்திக்கிச்சு. வெளிய சொல்லல."

எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம்? கிருமியும் இல்லை, இரண்டு குழந்தையும் இல்லை. தரையை ஒரு நாளைக்கு மூன்று முறை கழுவுகிறார்கள். கழுவுகிற அம்மாவுக்கு முட்டி வலி, ஆனாலும் மூலைமுடுக்கு விடமாட்டார்.

அவர் உடனே முகம் வெளுத்து, "அப்ப வேணவே வேணாம்" என்றார். என்னை நம்புகிறார். அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 10

அத்தையும் அப்போது கூடத்தில்தான் இருந்தார் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

மார்ச் 15, சனி

நகரின் அந்தக் கோடியில் ஒரு தனியார் மருத்துவமனை. போக ஐம்பது நிமிடம். பதிவு செய்துவிட்டோம். நர்ஸ் "உக்காருங்க மேடம்" என்று தண்ணீர் கொடுத்தாள். அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரைக்குப் பின்னால் இவள் எப்படியோ? யாருக்குத் தெரியும். எனக்கு முன்னாலும் எத்தனையோ பேர் என் கையைப் பார்த்திருப்பார்கள்.

திரும்பி வரும் வழியில் குட்டிச் சட்டை ஆறு, சாக்ஸ் நான்கு ஜோடி வாங்கினோம். சாக்ஸ் என் கட்டைவிரலுக்குத்தான் சரியாக இருக்கிறது. அவர் இரண்டு கட்டைவிரலிலும் மாட்டிக்கொண்டு வழியெல்லாம் பொம்மலாட்டம் காட்டினார். இவருக்குப் போய்ப் பொய் சொன்னேனே.

மார்ச் 23

அத்தை முப்பது வருடம் டெலிபோன் ஆபீஸில் இணைப்புக் கொடுத்தவர். ஓய்வு பெற்றபிறகும் அந்த வேலையை விடவில்லை. கிருமிச் செய்தி பால்காரர் வரை போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. எங்கள் அத்தை ஒருவரே ஒரு ஊர்.

இன்று மாடிப்படியில் குரல் கேட்டது: "நர்ஸே வேணாங்கறான்னா பாத்துக்கோயேன்! எம் மருமக அவளோட ஆஸ்பத்திரியிலயே பெத்துக்க மாட்டேங்கறா. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

கேட்டுக்கொண்டிருந்தவள் மாடிவீட்டுப் பெண். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. ஏப்ரல் கடைசியில் அவளுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வார்டில்தான் பதிந்திருந்தாள்.

ஏப்ரல் 2

மாடிவீட்டுப் பெண் இரண்டு நாளாக வந்து எங்கள் அறைச் சுவரில் படம் வரைந்து தருகிறாள். ஆமை, முயல், ஒரு தபால்பெட்டி. தபால்பெட்டி எதற்கு என்றேன். "எனக்கு அதுதான் நல்லா வரும்" என்றாள். ஒன்பது மாத வயிற்றோடு ஸ்டூலில் ஏறப் பார்த்தாள், அதட்டி இறக்கிவிட்டேன்.

பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அக்கா, நானும் நீங்க போற எடத்துக்கே மாத்திக்கிட்டேன். நீங்க இல்லேன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. 'தூரம் அதிகம், உனக்கு எங்க வார்டே போதும்' என்றாவது. அப்படிச் சொன்னால் ஏன் என்பாள். அப்புறம் கிருமி? அப்புறம் நான்?

"நல்லதுதான்" என்றேன். நல்லதுதான்! என் வாயால் சொன்னேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

ட்யூட்டி முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

காலையில் மாடிவீட்டுப் பெண்ணுக்கு வலி வந்திருக்கிறது. தேதிக்கு இரண்டு வாரம் முன்னாலேயே. வாடகைக் காரில் கிளம்பியிருக்கிறார்கள். எங்கள் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டிப் போயிருக்கிறார்கள். மேம்பாலத்தில் நெரிசல். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. குழந்தை பின் சீட்டில் பிறந்துவிட்டது.

நெரிசல் விலகியதும், பதினொன்று இருபதுக்கு டிரைவர் எங்கள் வார்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தார். குழந்தை அவர் கழற்றிக் கொடுத்த சட்டைக்குள், நீலமாய், சில்லிட்டு. வாங்கினது நான். தேய்த்து, வாயைத் துடைத்து, மூச்சு — வந்தது. வந்தது. அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. இரண்டு பாட்டில் ஏற்றினோம்.

அவள் கணவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, கடைசியில இங்கயே வந்துட்டோமே, கிருமி ஏதாவது தொத்திக்குமா? குழந்தைய வேற எடத்துக்குத் தூக்கிட்டுப் போயிடட்டுமா?"

பக்கத்தில் நின்ற சின்னவள், "என்ன கிருமி?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நீங்க போய் ரத்தத்துக்குக் கையெழுத்துப் போடுங்க" என்று அவனைத் தள்ளிவிட்டேன்.

ஏப்ரல் 12

இரண்டு உயிர். என் மானம் போகாமலிருக்க இரண்டு உயிரை மேம்பாலத்தில் ஏற்றினேன். நானெல்லாம் ஒரு நர்ஸ். த்தூ.

ஏப்ரல் 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன். காலையில் அத்தை குழந்தைக்கென்று பழைய துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தார், வீட்டுக்காரர் மெஷினுக்கு அடியில் ரப்பர் வைத்துக்கொண்டிருந்தார்.

"கிருமியெல்லாம் இல்ல. நான் பொய் சொன்னேன். அங்க படுத்தா, நான் மத்தவங்களுக்குச் செஞ்சத எனக்குச் செய்வாங்கன்னு பயம்."

அவருக்குப் புரியவில்லை. "நீ என்ன செஞ்சே?"

எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவது, நடித்துக் காட்டுவது. கடைசியில் தொடையில் அறைந்ததையும் சொன்னேன். "அடிச்சியா?" என்று ஒருமுறை கேட்டார். தலையாட்டினேன். அப்புறம் ஏற்கெனவே இறுகியிருந்த திருகாணியை ரொம்ப நேரம் முறுக்கிக்கொண்டிருந்தார். அத்தை கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஏப்ரல் 16, புதன்

மூன்று நாளாக அத்தை பேசவில்லை. எங்கள் வீட்டில் இது சூரியன் மேற்கே உதிக்கிற மாதிரி. நடக்கவே நடக்காதது.

இன்று சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் பேசினார்.

"இவனப் பெத்தப்ப ஒருத்தி என்னக் கன்னத்துல அறைஞ்சா. நான் தண்ணி கேட்டேன், அதுக்கு. முப்பத்தாறு வருஷமாச்சு. எங்கூட வேல பாத்தவங்க மூஞ்சியெல்லாம் மறந்துபோச்சு. அவ மூஞ்சி மட்டும் மறக்கல. மூக்குக்குப் பக்கத்துல ஒரு மரு."

மன்னிச்சிடுங்க அத்தை என்றேன். அடித்தவள் நானில்லை, ஆனாலும் சொன்னேன்.

"எனக்கு எதுக்குடி சொல்ற? மாடிவீட்டுப் பொண்ணுகிட்ட சொல்லு. ஊருக்கெல்லாம் சொன்ன வாய் என்னோடது. நானும் வரேன், நட."

ஏப்ரல் 17

மாடிவீட்டுப் பெண் இன்னும் எங்கள் வார்டில்தான் இருக்கிறாள். அத்தை வாசலில் நின்றுகொண்டார். நான் கட்டிலருகே போய்ச் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திரும்பாமலே, "பாப்பாவத் தூக்கிக் குடுங்க சிஸ்டர்" என்றாள்.

இரண்டு வருடமாக அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

ஏப்ரல் 21

தலைமை நர்ஸிடம் நானே போய், கிருமிப் புரளி என்னுடையது என்றேன். மெமோ கொடுத்தார்கள். கொடுக்கட்டும். தரை கழுவுகிற அம்மா என் காலடியை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் துடைத்துக்கொண்டு போனார்.

அந்தத் தனியார் பதிவை ரத்து செய்துவிட்டோம். எங்கள் வார்டில்தான். கத்தினால் கத்திவிட்டுப் போகிறேன்.

மே 5

கடைசி நாள் ட்யூட்டி. டீ நேரத்தில் நடிக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். ஏன் என்றார்கள். "அவங்க நடிக்கல. நாமதான் நடிக்கறோம்" என்று சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் உள்ளே போகவில்லை. "மெமோ வாங்குனதுல இருந்து அக்கா ரொம்ப மாறிட்டாங்க" என்றாள் சின்னவள். நான் பழக்கியது. பதினோரு வருடம் பழக்கியதை ஒரு டீயில் திருத்த முடியுமா?

மே 27

பெண். மூன்று கிலோ இருநூறு. சனிக்கிழமை காலையில். அப்பாவின் காது, அத்தையின் குரல்.

கத்தினேன். வெட்கமே இல்லாமல் கத்தினேன். அவர் குடும்பத்தில் ஒருவரையும் விடவில்லை என்று அத்தை சொல்கிறார், சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். சின்னவள் கடைசி வரை என் கையை விடவில்லை. "கத்துங்கக்கா, நல்லாக் கத்துங்க, யாரு கேக்கப்போறா" என்று நெற்றியைத் துடைத்துவிட்டாள். எவ்வளவு இதமான பிள்ளை என்று நினைத்தேன்.

அன்று மத்தியானம் திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலுக்கு ஒருத்தி வந்தாள். தனியாக வந்திருக்கிறாள் போல. வலி வந்து அலறினாள். "என்னம்மா, ஏலம் விடறியா? மத்தவங்க படுக்க வேணாமா?" — சின்னவளின் குரல்தான். காலையில் என்னைக் கத்தச் சொன்ன அதே குரல். அவள் மறுபடி அலறினாள், இவள் மறுபடி அதட்டினாள். மூன்று தடவை கேட்டுக்கொண்டு சும்மா படுத்திருந்தேன். உடம்பு அலுப்பு, பிள்ளை பால் குடிக்கிறது என்று காரணம் தேடிக்கொண்டிருந்தேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நான்காவது தடவை பிள்ளையை அத்தை மடியில் போட்டுவிட்டு இறங்கினேன். "எங்கடி போற, தையல் பிரிஞ்சிடும்" என்றார் அத்தை. அப்புறம் அந்தப் பக்கத்துக் குரலைக் கேட்டார். "சுவரப் புடிச்சிட்டுப் போ" என்றார்.

சின்னவள் என்னைப் பார்த்ததும் நகர்ந்துகொண்டாள். அந்தப் பெண்ணுக்கு ரொம்பச் சின்ன வயது, இருபதுகூட இருக்காது. கையைக் கொடுத்தேன். இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே, "நீங்க யாருக்கா?" என்றாள்.

"இங்கதாம்மா நர்ஸா இருக்கேன்."

சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். உதட்டைக் கடித்து மூடினாள். "இனிமே கத்த மாட்டேன் சிஸ்டர். சத்தியமா கத்த மாட்டேன்."

கத்தும்மா என்றேன். கத்தலாம், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க என்றேன். நம்பவில்லை. எதற்கு நம்ப வேண்டும்? கட்டில் கம்பிமேல் கையைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். இரண்டு வலியை வாயைப் பொத்திக்கொண்டே தாங்கினாள். மூன்றாவது வலிக்குத்தான் என் கையைப் பிடித்தாள்.