டபுள் எக்ஸெல் வயர்

சம்பந்தியம்மா,

இன்றைக்குப் பேத்தியின் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தோம். உள்ளே வயர்களில் நீங்கள் கட்டிவிட்ட பனியன் லேபில்கள் அப்படியே தொங்கின. எஸ், எம், எல், எக்ஸெல். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் அவற்றைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பழைய வயிற்றெரிச்சல்தான்.

உள்ளே அடைந்த பஞ்சுத் தூசியைத் தட்ட முன்பு ஒருநாள் நீங்கள்தான் அதைத் திறந்தீர்கள். வயர் நுனியில் ஒரு லேபில், அதைச் சொருகும் இடத்தில் அதே சைஸில் இன்னொன்று. "கழட்டி மாட்டறப்ப மாறிப் போகாதுங்க" என்றீர்கள். உங்களைப் பற்றிப் பேத்தி தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தாள்: "எங்க அம்மாயி கம்ப்யூட்டரையே கழட்டி மாட்டிரும்." பனியன் கம்பெனியில் இருபது வருடம் பேக்கிங் பார்த்தவள் நான். லேபிலோடு பிழைத்த எனக்கு அது தோன்றவில்லையே என்று அன்று சோறு இறங்கவில்லை.

போட்டிக்கு நான் கம்ப்யூட்டருக்கு லைட் எரியும் கண்ணாடிப் பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். இது பிராண்டு கம்ப்யூட்டர், இதன் போர்டு வேறு பெட்டியில் பொருந்தாது என்றாள் பேத்தி. நீங்கள் சிரிக்காமல் சொன்னீர்கள்: "விடுங்க சம்பந்தி, வளையல் வெச்சுக்கலாமுங்க." இப்போதும் அதில் என் வளையல்தான் இருக்கிறது.

போன வாரம் டீசர்ட் டிசைன் வரையப் பேத்தி புதிதாக ஒரு கார்டு போட்டாள். கரண்ட் கொடுக்கும் பழைய பவர் சப்ளை அதைத் தாங்காமல் அடிக்கடி அணைந்தது. பெரியதாக வாங்கினால் அதன் பிளக் கம்ப்யூட்டர் போர்டில் உட்காரவில்லை. நடுவில் மாட்ட ஓர் இணைப்பு வயர் கொடுத்தார் கடைக்காரர். இன்றைக்குப் பேத்தி பெட்டி முன்னால் உட்கார்ந்து, "அம்மாயி இருந்திருந்தா..." என்று இழுத்தாள்.

"தள்ளு கண்ணு. பிளக்கைப் பிடுங்கியாச்சா?"

"உனக்குத் தெரியுமா அப்பாயி?"

"அஞ்சாவது படிச்சவளுக்கு எஸ்ஸும் எம்மும் தெரியாதா?"

பழைய வயர்களிலிருந்து லேபிலை அவிழ்த்துப் புது வயர்களில் கட்டி, சைஸுக்குச் சைஸ் சொருகினேன். இணைப்பு வயருக்கு மட்டும் உங்கள் லேபில் இல்லை. என் ஊசி நூல் டப்பாவில் தேடி ஒன்றை எடுத்துக் கட்டினேன். டபுள் எக்ஸெல்.

கம்ப்யூட்டர் ஓடியது. "அம்மாயி லேபில் கட்டி வெச்சது நல்லதாப் போச்சு" என்றாள். அப்போதும் நீங்கள்தான்.

பெட்டியை மூடும்முன் கத்தரிக்கோல் கையில் இருந்தது. உங்களுடையதை எல்லாம் அறுத்துவிடலாம் என்று நினைத்தேன். அறுக்கவில்லை. அவை இல்லாமல் போனால், என்னுடையது ஒரு சைஸ் பெரியது என்று யாருக்குத் தெரியும்?